அடுத்த ஸ்டேஷன் வாங்க

குழாய் உங்க தோள்ல இடிக்குதுங்களா தம்பி? சித்தே சாய்ச்சுப் புடிச்சுக்கறேன். கண்டக்டரு கடைசி சீட்டுக்கு அடில போடச் சொன்னாரு. போட்டா உருண்டு யாரு காலையாவது பதம் பாத்துருமுங்க. மூணு துண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நட்டம்னா பதினெட்டடி கம்பம். காங்கேயம் வரைக்கும் இப்படித்தான் கட்டிப் புடிச்சுக்கிட்டு வரோணும். நீங்க எதுவரைக்கும்? ஈரோடா? நல்லதாப் போச்சு. பேச்சுத் தொணையாச்சு.

ஐயோ, அதத் தொடாதீங்க! கோவிச்சுக்காதீங்க தம்பி. அது போன் இல்லீங்க, ரேடியோ. கைச்செட்டு. லைசென்ஸ் இல்லாதவங்க அதுல பேசக் கூடாது. பேசறதென்ன, நான் தொடவே உடறதில்லை. சொந்த மச்சான் ஒரு தீவாளி நோம்பிக்கு வந்தப்ப ஆசையாக் கேட்டாரு. குடுக்கலைங்க. கறிக்கொழம்பு ஊத்துனேன், செட்டைக் குடுக்கலை.

பாட்டு வர்ற ரேடியோ இல்லீங்க. ஹாம் ரேடியோன்னு பேரு. சொந்தமா ஒரு செட்டு, மொட்டை மாடில ஒரு ஒயரு, சர்க்கார் குடுத்த லைசென்ஸு. உடுமலைல உக்காந்துக்கிட்டு நாகர்கோயில்காரரோட பேசலாம், ஜப்பான்காரனோட பேசலாம். என்ன பேசுவீங்கன்னா? என்ன பேசறது... நான் பேசறது கேக்குதான்னு கேப்பேன். கேக்குதும்பாங்க. அவிங்க பேசறது கேக்குதாம்பாங்க. கேக்குதும்பேன். ஒயரு கட்டுன கம்பம் எத்தனை அடி, என்ன செட்டு, உங்கூர்ல மழையா வெயிலா. வணக்கம் சொல்லிக்குவோம். அப்பறம் அடுத்த ஆளு. முப்பது வருசமா இதத்தான் பண்ணீட்டு இருக்கறேன். சிரிக்காதீங்க. கிரிக்கெட்டுப் பாக்கறவங்க மட்டும் என்னத்தக் கண்டாங்க?

என்ற பேரு சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால மோட்டார் காயில் கட்டற கடை. அது சோத்துக்கு. ரேடியோதான் மத்ததுக்கெல்லாம்.

முந்தியெல்லாம் லைசென்ஸுன்னா சும்மா இல்லீங்க. மோர்ஸ் பாஸ் பண்ணோணும். டிட் டா டிட்டுன்னு விசிலாட்டச் சத்தம் வரும், அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தா எழுதோணும். மூணு தடவை பெயிலு. நாலாவதுதான் பாஸு. அப்பறம் போலீஸ் விசாரணை. சரியா எங்க நிச்சயத்தன்னைக்கு ரெண்டு போலீஸ்காரங்க வந்து, "சென்னியப்பங்கறது ஆரு?"ன்னு வாசல்ல நிக்கறாங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. பொண்ணு மரகதந்தான் உள்ளார இருந்து, "திருட்டா என்னன்னு மொதல்ல கேளுங்க"ன்னா. ரேடியோன்னு தெரிஞ்சதும், "ரேடியோதான? இருந்துட்டுப் போவுது"ன்னா. இப்ப அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தெனமும் வருத்தப்படறாளாமா. மச்சான் சொன்னாரு.

அப்படி வாங்குன லைசென்ஸுங்க. சர்க்காரு ஒரு நாள் விதியெல்லாம் தளர்த்திப் போட்டாங்க. மோர்ஸே தெரிய வேண்டாமாமா. கேள்விக்கு டிக் அடிச்சாப் போதுமாமா. பெயிலாகிப் பெயிலாகி வாங்குனவன் நானு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க? ரேசன் கடைல காத்தாலருந்து கால் கடுக்க நிக்கறோம், பின்னால வந்தவனைக் கூப்புட்டு மொதல்ல பருப்புப் போட்டுக் குடுக்கற மாதிரி இருந்துச்சு.

எங்களுக்குத் தெனம் காத்தால ஆறரைக்கு ஒரு நெட்டுங்க. இன்டர்நெட் இல்லை. எல்லாரும் ஒரே அலைவரிசைக்கு வந்து வரிசையாப் பேரு குடுத்துப் பேசறது. அத நடத்தறவரு நெட் கன்ட்ரோல். நாந்தான். யாரு பேசறது, எத்தனை நேரம் பேசறது, எப்ப நிறுத்தறது, எல்லாம் நாந்தான். என்ற செட்டு பெரிய செட்டு. நான் பட்டனை அமுக்கிட்டன்னா வேற எவனும் குறுக்க வர முடியாது. பட்டன் அமுங்கியிருக்கற வரைக்கும் எனக்கும் வேற யாரு பேசறதும் கேக்காது. அது ஒரு நிம்மதிங்க.

அதுல ஒரு மரியாதை இருக்குது. யாரு பேசுனாலும், "ஃபைவ் நைன்"னு சொல்லோணும். கண்ணாடியாட்டத் தெளிவாக் கேக்குது, பலமா வருதுன்னு அர்த்தம். நெசமாவே கேக்குதான்னா... எப்பவும் கேக்குமுங்களா? இடி இருக்கும், பக்கத்து ஊட்டு மிக்ஸி இருக்கும். பாதி நேரம் கொர்ர்ருன்னு இரைச்சல்தான். ஆனா கேக்கலைன்னு சொல்றது மரியாதை இல்லீங்க. விருந்துக்குப் போன எடத்துல சாம்பார்ல உப்பில்லைன்னு சொல்லுவமா? அந்த மாதிரி. "ஃபைவ் நைன், நன்றி, வணக்கம், அடுத்த ஸ்டேஷன் வாங்க." இவ்வளவுதான். ஸ்டேஷன்னா ஆளு. எங்களுக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு ஸ்டேஷன்.

இந்த நெட்டுக்குள்ளதான் புது லைசென்ஸுக் கூட்டம் வந்து உளுந்துச்சு. சேலத்துல பியூட்டி பார்லர் வச்சிருக்கற ஒரு பொண்ணு. தேனில ஒரு பல் டாக்டரு. வந்தவங்க ஃபைவ் நைன் ரிப்போர்ட்டக் கேட்டமா போனமான்னு இருக்கோணுமில்லீங்களா? பேச ஆரம்பிச்சுட்டாங்க தம்பி! ஒருத்தருக்கொருத்தரு, சேதி! அந்தப் பொண்ணு மாமியாரோட சண்டைங்குது. டாக்டரு சமாதானம் சொல்றாரு. பாலக்காட்டுலருந்து இன்னொருத்தரு நடுவுல பூந்து, அவரு மாமியாரு கதையச் சொல்றாரு. ஒருத்தராவது கம்பம் எத்தனை அடின்னு கேக்கோணுமே!

உட்டனா? சர்க்காரு எதையெல்லாம் எடுத்தாங்களோ, அதையெல்லாம் நான் ஒண்ணொண்ணாத் திருப்பிக் கொண்டாந்தேன். என்ற நெட்டுல பேசோணும்னா என்கிட்ட மோர்ஸ் பாஸ் பண்ணோணும். போன்ல நானே வாயால டிட் டா ஊதி பரீச்சை வச்சேன். பல் டாக்டரு கேட்டுட்டு, "சார், உங்க முன் பல்லுல சந்து இருக்கு, ஒரு நாள் வாங்க"ன்னாரு. பெயிலாக்கிப்போட்டேன். சொந்த விஷயம் பேசக் கூடாது. இருமக் கூடாது. அப்பறம் முக்கியமா, ஒருத்தரு காத்துல, அதாவது ரேடியோல, சொன்னத இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்லக் கூடாது. கேட்டவன் கேட்டான், கேக்காதவன் கேக்கலை. இந்தக் கடைசி விதிய ஞாபகம் வச்சுக்கங்க தம்பி. அதுதான் என்ற குடியக் கெடுத்துச்சு.

சரி, மரகதம் விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு நாள் கடைலருந்து வந்து சாப்பிட உக்காந்தா, தட்டுக்குப் பக்கத்துல ஒரு காயிதம். "என்ன புள்ள?"ன்னேன். "லைசென்ஸு"ன்னா. ஆருக்கு? அவளுக்கு! எனக்குத் தெரியாமயே படிச்சு, கோயமுத்தூருக்குப் போயி எழுதிப் பாஸ் பண்ணியிருக்கறா. மோர்ஸ் மட்டும் இருந்திருந்தா நடந்திருக்குமுங்களா? நடந்திருக்காது. அவளும் ஊட்டுல இருந்திருப்பா, நானும் இந்தக் குழாயக் கட்டிக்கிட்டு வந்திருக்க மாட்டேன். தளர்த்தறதுன்னா என்ன ஆகும்னு இப்பப் புரியுதுங்களா?

எதுக்குடி உனக்கு லைசென்ஸுன்னு கேட்டேன். "உங்ககூடப் பேசத்தான்"னா. இதென்ன பேச்சுங்க? நான் ஊட்டுலதான இருக்கறேன். காத்தால ரேடியோ, பகல்ல கடை, பொழுதோட வந்தா மறுக்கா ரேடியோ. நடுவால எப்ப வேணாப் பேசலாமே? அவளுக்கு ஆருன்னாலும் பேசோணும். அதுதான் அவகிட்ட இருக்கற ஒரே கொறை.

ஊட்டுக்காரியாச்சேன்னு மோர்ஸ் பரீச்சைய மட்டும் தள்ளி வச்சுட்டு நெட்டுல சேத்துக்கிட்டேன். அவ சமையல்கட்டுல ஒரு செட்டு, நான் மச்சுல ஒரு செட்டு. காத்துல நான் அவளை "மேடம்"னுதான் கூப்புடுவேன். அவ என்னை "நெட் கன்ட்ரோல் ஐயா"ம்பா. கீழருந்து காப்பி வாசம் வரும், ஆனா நெட்டு முடியற வரைக்கும் நான் கேக்கவும் மாட்டேன், அவ குடுக்கவும் மாட்டா. ஒழுக்கமுன்னா அதுதானுங்க.

அந்த வாரம் ஞானமுத்து சாரு பேரு குடுத்தாரு. நாகர்கோயில்ல ரிட்டயர்டு வாத்தியாரு, டேனியல் ஞானமுத்து. முப்பது வருசமா நானும் அவரும் பேசாத நாளில்லை. அவரு கம்பம் முப்பத்திரண்டடி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மரகதம் என்ன பண்ணுனா, "அண்ணா, வணக்கம். ஊட்டுல அண்ணி நல்லா இருக்காங்களா?"ன்னு கேட்டுப்போட்டா.

  ஞானமுத்து சாரு, "அவ போய் நாலு வருசம் ஆச்சும்மா"ன்னாரு.

நாலு வருசமுங்க தம்பி. அந்த நாலு வருசமும் நான் தெனம் அவருக்கு ஃபைவ் நைன் குடுத்துட்டு இருந்திருக்கறேன். அவரும் எனக்குக் குடுத்துட்டு இருந்திருக்கறாரு. கேட்டதும் மனசு பொக்குன்னு போச்சு. இல்லைன்னு சொல்லலை.

ஆனா அவரு அழுதுட்டாருங்க. காத்துல. அத்தனை ஸ்டேஷனும் கேக்கறாங்க. மரகதம், "சொல்லுங்கண்ணா, சொல்லுங்க"ங்கறா. அவரும் சொல்ல ஆரம்பிக்கறாரு, ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போனாங்கன்னு. நெட்டுல அழுகறதுக்கு விதி இருக்குதுங்களா? எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. பட்டனை அமுக்கிட்டேன். "ஃபைவ் நைன், நன்றி, வணக்கம். அடுத்த ஸ்டேஷன் வாங்க"ன்னேன்.

அடுத்த ஸ்டேஷன் வரலைங்க. ஒருத்தரும் வரலை. மரகதந்தான் படியேறி வந்தா. கைல காப்பி இல்லை. "நீங்க மனுசந்தானுங்களா?"ன்னா. நான், நெட்டு நடந்துட்டு இருக்குது, கீழ போயிப் பேரு குடுத்துட்டுப் பேசுன்னேன். போனா. போயிப் பேரு குடுத்தா. குடுத்துட்டு, நெட் கன்ட்ரோல் ஐயாவுக்கு இந்த முப்பது வருசத்துல பொண்டாட்டிக்கு என்ன கொழம்பு புடிக்கும்னு தெரியுமான்னு கேளுங்கன்னு அத்தனை ஸ்டேஷனுக்கும் சொன்னா. சொந்த விஷயம்! ரெண்டாவது விதி! நான் என்னங்க பண்ணுவேன்? ஊட்டுக்காரிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? ஒரு மாசம் நெட்டுல பேசக் கூடாதுன்னு அங்கயே சஸ்பெண்ட் பண்ணிப்போட்டேன்.

பொழுதோட கடைலருந்து வந்தா ஊடு பூட்டிக் கெடக்குது. காங்கேயத்துக்கு, அவங்கண்ணன் நாச்சிமுத்து மச்சான் ஊட்டுக்குப் போயிட்டா. பீரோவத் தொறந்து பாத்தேன், நகையெல்லாம் அப்படியே இருக்குது. என்ற பழைய செட்டைத்தான் தூக்கிட்டுப் போயிட்டா. கைச்செட்டு சோடில ஒண்ணையும். தாலிக்கொடி மட்டும் கழுத்தோட போயிருக்குது. பொம்பளைங்க கோவிச்சுக்கிட்டுப் போறப்ப நகைய எடுத்துட்டுப் போனா ஆறுதலாவது சொல்லிக்கலாம். இவ செட்டை எடுத்துட்டுப் போனா என்ன அர்த்தம், சொல்லுங்க?

போன் பண்ணுனா எடுக்க மாட்டீங்கறா. "பேசறதுன்னா நெட்டுல பேசட்டும். நாலு பேரு கேக்கட்டும்"னு மச்சான்கிட்டச் சொல்லியிருக்கறா. நெட்டுல பேசலாம்னா சஸ்பென்ஷன். நடுவுல எடுத்துரலாமேங்கறீங்களா? அதெப்படிங்க, நானே போட்டத நானே எடுக்கறது? சர்க்காரு அப்படிப் பண்ணித்தான இத்தனையும் வந்துச்சு.

எப்படா மாசம் முடியும்னு இருந்தனுங்க. பச்சைத் தண்ணி காய வைக்கத் தெரியாது எனக்கு. கடைப் பக்கத்து மெஸ்ஸுல தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு. ஊட்டுல இரைச்சலே இல்லீங்க. செட்டைப் போட்டு அந்தக் கொர்ர்ரையாவது கேட்டுட்டுப் படுத்தாத்தான் தூக்கம் வந்துச்சு.

மாசம் முடிஞ்ச மறுநாளு, நெட்டு. எல்லாரும் வந்துட்டாங்க. பெயிலாக்குன டாக்டரு முதக்கொண்டு. மரகதம் பேரு குடுத்தா. அதாவது, குடுத்தாளாமா. எனக்குக் கேக்கலை.

இதுல ஒரு சங்கடம் இருக்குதுங்க. காத்தால அந்த நேரத்துக்கு அலை மேல போயி, தூரமாப் போயித்தான் எறங்கும். நாகர்கோயிலுக்கு எறங்கும், சென்னைக்கு எறங்கும். கிட்டத்துல இருக்கறவங்களைத் தாண்டிப் போயிரும். ஸ்கிப்புன்னு சொல்லுவோம். காங்கேயத்துல அவ பேசறது நாகர்கோயில்ல கணீர்னு கேக்குது. உடுமலைல உக்காந்திருக்கற கட்டுன புருசனுக்குக் கேக்கலை. நான் பேசறது மட்டும் அவளுக்கு எப்படியோ கேட்டுருது. பெரிய செட்டில்லீங்களா. அவளோடது சின்னது, ஒயரும் முருங்கை மரத்துல கட்டியிருக்குது.

கொர்ர்ருக்குள்ள ஏதோ ஒரு கீச்சு. அவ கொரல்தான்னு தெரியுது. வார்த்தை ஒண்ணுகூடப் புரியலை. கடைசில ஏதோ கேட்டு நிறுத்துனா. அத்தனை ஸ்டேஷனும் மூச்சுக் காட்டாம நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு இருக்கறாங்க. கேக்கலைன்னு எப்படிங்க சொல்றது? அத்தனை பேரு முன்னால? என்ற பொண்டாட்டி பேசறது எனக்குக் கேக்கலைன்னு? வாய் தானா வந்துருச்சுங்க.

"ஃபைவ் நைன், நன்றி, வணக்கம். அடுத்த ஸ்டேஷன் வாங்க."

அன்னைக்குப் போனவங்கதான். ஒருத்தரும் என்ற நெட்டுப் பக்கம் வர்றதில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு அலைவரிசைல மரகதம் நெட்டு நடத்தறா. விதியே இல்லாத நெட்டு! அழுகறாங்க, சிரிக்கறாங்க, பல் டாக்டரு பாட்டுப் பாடறாரு. எனக்கு அவங்க பேசறது கேக்குது, அவ பேசறது மட்டும் கேக்கறதில்லை. அவ என்னமோ சொல்றா, இவங்க சிரிக்கறாங்க. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. காத்தால ஆறரைக்கு நான் மட்டும் என்ற நெட்டைத் தொறந்து, யாராவது இருக்கீங்களான்னு கேட்டுட்டு, மூடிட்டுக் கடைக்குப் போறேன்.

ஞானமுத்து சாருக்குப் போன் பண்ணுனேன். "சார், உங்களுக்குக் கேட்டிருக்குமே. அன்னைக்கு மரகதம் என்ன கேட்டா?"ன்னேன். நல்ல மனுசன். என் மேல கோவமே இல்லை. "கேட்டுது சென்னியப்பன். நல்லாவே கேட்டுது. ஆனா ஒருத்தரு காத்துல சொன்னத இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்லப்பிடாதுன்னு நீங்கதானே விதி போட்டிய? நான் மீறலாமா?"ன்னுட்டாரு. டாக்டருக்குப் போட்டேன். அதேதான். பியூட்டி பார்லர் பொண்ணு, "அங்கிள், உங்க ரூல்தான்"னு வச்சுருச்சு. என் ஊட்டுக்காரி என்கிட்டக் கேட்ட கேள்வி என்னன்னு ராமேஸ்வரம் வரைக்கும் தெரியுது. எனக்குத் தெரியலை!

அதான் இந்தக் கம்பம். மச்சான் ஊட்டு மேல நட்டு, ஒயர ஒசத்திக் கட்டிப்போட்டா அவ பேசறது உடுமலைக்கு வந்துரும். ஞானமுத்து சாரு, "ஸ்கிப்புக்குக் கம்பத்த ஒசத்தி என்ன பிரயோசனம்?"ங்கறாரு. அதெல்லாம் எனக்கும் தெரியுங்க. இருந்தாலும் நட்டுப் பாப்போமே. நட்டுட்டு அடுத்த வண்டி புடிச்சு உடுமலை போயி, காத்தால நெட்டுல கூப்பிட்டு, என்ன கேட்டன்னு மறுக்காக் கேட்டுக்குவேன்.

என்னது? அங்கயே, நேர்லயே கேட்டுரலாமா?

...அதெப்படிங்க தம்பி? நேர்லன்னா, நேரா மூஞ்சியப் பாத்தா... பட்டன் கிட்டன் ஒண்ணும் இருக்காதே. அவ பேசுனா பேசீட்டே இருப்பா. நான் என்ன பண்றது? உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நெனைக்கறேன்.

ஊதியூர் மலை வந்துருச்சுங்களா? இதைத் தாண்டுனா கைச்செட்டு எடுக்கும், அது கிட்டத்துல இருக்கறவங்களோட பேசறதுக்குத்தான். கம்பம் நட ஆள் வேணுமேன்னு மச்சான்கிட்ட மட்டும் வர்றதச் சொல்லியிருக்கறேன். அவளுக்குத் தெரியாது. குழாயச் சித்த இப்படி...

கேக்குதுங்களா? செட்டுல! அவதான்! சத்தம் போடாதீங்க.

"ஏனுங்க, பஸ்ஸுல வர்றீங்களாமா? அண்ணன் சொன்னாரு. கம்பம் இங்க ஆருங்க கேட்டா? அன்னைக்குக் கேட்டதுக்குப் பதிலைச் சொல்லீட்டு எறங்குங்க. இல்லாட்டி அப்படியே ஈரோட்டுக்குப் போயிருங்க. மறுக்காக் கேக்கறேன், கேட்டுக்கங்க. நான் ஊட்டுக்கு வந்தா என்னையப் பேச உடுவீங்களா, மாட்டீங்களா?"

இதுங்களா? இதையா கேட்டா? இதுக்கா நான் அத்தனை பேரு முன்னால, ஃபைவ் நைன், அடுத்த ஸ்டேஷன்... கெரகம். தம்பி, உங்களுக்கும் கேட்டுச்சா? தெளிவாத்தானே கேட்டுச்சு? முப்பது வருசத்துல இப்படித் தெளிவா எனக்கு ஒரு ஸ்டேஷனும் கேட்டதில்லைங்க.

சொல்லோணும். சொல்றேன். இருங்க. வாயத் தொறந்தா நன்றி வணக்கம்தான் வரும்போல இருக்குது. 

இந்தாங்க, புடிங்க. குழாய நான் பாத்துக்கறேன், செட்டைப் புடிங்க நீங்க. லைசென்ஸா? கெடக்குது போங்க லைசென்ஸு. இந்தா, இந்தப் பட்டன்தான். அமுக்கிக்கிட்டு, "உடறாராமா"ன்னு சொல்லுங்க. ஆமா, அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேண்டாம்.

சொன்னதும் வெரலை எடுத்துருங்க தம்பி. எடுத்தாத்தான் அவ பேச முடியும்.